பஸ் என்று சொன்னவன்

தேறிவிடுவோம் என்பதில் சுயம்புலிங்கத்துக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருக்கிறவன் எவனாவது ராத்திரி பூராவும் மணல்மூட்டையைச் சுமந்துகொண்டு இமயமலை அடிவாரத்தில் ஏறி இறங்குவானா, விடிந்த பிறகும் நிற்காமல் நடப்பானா? பாதம் இருக்கிறதா என்றால் இருக்கிறது, எரிகிறது, எரிந்தால் இருக்கிறது என்றுதானே அர்த்தம், மரத்துப்போனால்தான் பயப்பட வேண்டும். தோள் இரண்டும் தன்னுடையதுதானா என்று காலையில் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான், பதில் வரவில்லை, போகட்டும், மேலே போய்ச் சேர்ந்ததும் விசாரித்துக்கொள்ளலாம். கையில் துப்பாக்கி, முதுகில் பித்து. பட்டாளத்தில் முதுகுப்பைக்கு அதுதான் பேர். இந்திக்காரன் வைத்த பேர், அவனுக்கு அது வெறும் பை. உடன்குடிக்காரன் ஒருத்தன் காதில் விழும்போதுதான் அந்தப் பேரில் இருக்கிற உண்மை தெரிகிறது, பித்துப் பிடித்தவன்தானே இதைச் சுமப்பான். வெயில் நன்றாக ஏறிவிட்டது. ரோட்டின் இடது பக்கம் மலை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை, கீழே எங்கேயோ ஆறு போகிற சத்தம் மட்டும். மதியத்துக்குள் மேலே இருக்கிற முகாமின் வாசலைத் தாண்டிவிட்டால் அவன் சிறப்புப் படைக்காரன், தலையில் மெரூன் தொப்பி. தாண்டாவிட்டால் மறுபடியும் பழைய ரெஜிமென்ட், பழைய பாரக், பழைய கிண்டல். மூன்றாவது தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை. கர்னல் கையெழுத்துப் போடும்போதே பேனாவைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டார், இதுதான் கடைசி என்று.

இங்கே யாரையும் யாரும் விரட்டுவதில்லை, அதுதான் இந்த இடத்தின் கள்ளத்தனம். முந்தின வாரங்களில் திட்டுவதற்குக் குறைச்சல் இல்லை, சேற்றில் உருட்டினார்கள், ஐஸ் தண்ணீரில் இறக்கினார்கள், தூங்கப் போனவனை எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னார்கள், எல்லாம் சரி. திட்டுகிறவன் மேல் கோபம் வரும், கோபத்தைத் தின்றுகொண்டே நாலு மைல் நடந்துவிடலாம். ஆனால் இந்தக் கடைசி நடையில் ஒருத்தரும் திட்ட மாட்டார்கள். நேகி உஸ்தாத் பக்கத்தில் வருவார். பயிற்சி கொடுக்கிற ஹவில்தாரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். வந்து, மாமியார் வீட்டில் இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்பார்களே, அந்தக் குரலில், 'பஸ்?' என்பார். இந்தியில் அதற்குப் போதுமா என்று அர்த்தம். பதிலுக்கு 'பஸ்' என்று சொன்னால் முடிந்தது கதை. பின்னாலேயே ஒரு வண்டி ஊர்ந்து வருகிறது, அதில் கம்பளி இருக்கிறது, இஞ்சி தட்டிப் போட்ட டீ இருக்கிறது, ஏறி உட்கார்ந்துகொள்ளலாம், ஒரு வசவு கிடையாது, முதுகில் தட்டிக்கூடக் கொடுப்பார்கள். அந்த ஒரு சொல்லை வாயில் வைத்துக்கொண்டே, வெளியே விடாமல் மேலே போய்ச் சேருகிறவன் படையில் இருப்பான். இவ்வளவுதான் பரீட்சை. இதற்கு எதற்கு அவ்வளவு பெரிய உடம்பு என்று தோன்றும். போன வருஷம் ஆறடிக்கு மேலே வளர்ந்த ஒரு ஹரியானாக்காரன், கையை முறுக்கினால் கடப்பாரை வளையும், அவன் டீ வாசனைக்கே அழுதுகொண்டு போய் ஏறினான். சுயம்பு அப்போது அவனைப் பார்த்துச் சிரித்தான். அதற்கு அப்புறம் கொஞ்ச நேரத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது.

கூத்து என்றால் கூத்தேதான். போன வருஷம், இதே ரோடு, இதைவிடக் கொஞ்சம் கீழே ஒரு கொண்டை ஊசி வளைவு. முன்னால் போய்க்கொண்டிருந்தவன் நடந்தபடியே தூங்குகிறான், நடு ரோட்டில் ஆடி ஆடிப் போகிறான். மேலே இருந்து ஹாரன். வளைவில் ஒரு பஸ், நிஜ பஸ், தலைமேல் மூட்டை முடிச்சோடு, சன்னலோரமெல்லாம் ஜனங்கள். சுயம்புவுக்கு எது வரும் வாயில்? 'பஸ்! பஸ்!' என்று கத்தினான். முன்னால் போனவன் துள்ளி ஓரத்துக்கு ஓடினான், பஸ் போயிற்று, புழுதி அடங்கியது, பார்த்தால் நேகி உஸ்தாத் நிற்கிறார். 'சொல்லிட்டியா? சரி, வா' என்றார். வண்டிக் கதவு திறந்தது. முடிந்தது. பழைய ரெஜிமென்ட்டில் போய் இதைச் சொன்னபோது பாரக்கே உருண்டு உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவன் பேர் பஸ் ஸ்டாண்டு. ஊரில் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, எம்புள்ள ஒரு உசுரக் காப்பாத்தப் போயி வேலய விட்டுட்டு வந்தவன், அந்த இந்திக்காரனுக்கு பஸ்ஸுன்னா என்னன்னே தெரியல, என்று சொல்லிச் சொல்லி வைத்துவிட்டாள், மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெண்ணின் படிப்பைச் சொல்வது மாதிரி. கர்னலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத்தான் இரண்டாவது தடவைக்குக் கையெழுத்துப் போட்டார். தோற்றுத் திரும்பிய எவனுக்காவது இப்படி ஒரு கதை வாய்க்குமா? மற்றவனெல்லாம் முட்டி, முதுகு, காய்ச்சல் என்று முனகினான். சுயம்புவுக்குத் தங்கமான கதை, யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், சிரித்தால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

அந்தக் கதைக்கு இன்று ஒரு முடிவு எழுதப்போகிறான், அதையும் ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருக்கிறான். முகாம் வாசலைத் தாண்டுவான். பித்தைக் கீழே வைப்பான், எடை போடுவார்கள், எடை சரியாக இருக்கும். அப்புறம் நேகி உஸ்தாத் முன்னால் விறைப்பாக நின்று, சுத்தமான இந்தியில், 'உஸ்தாத், உஸ் தின் சச்முச் பஸ் ஆ ரஹீ தீ' என்பான். உஸ்தாத், அன்றைக்கு நிஜமாகவே பஸ் வந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம், உஸ்தாத் முகம் போகிற போக்கைப் பார்த்தால் போதும். முதலில் அவன் 'ஆ ரஹா தா' என்றுதான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான், ஆபீஸில் இருந்த பீகார்க்காரக் கிளார்க்தான் திருத்தினார், பஸ் பொம்பளை, ட்ரக் ஆம்பளை, ஆகவே ரஹீ தீ. நல்லவேளை. இவ்வளவு கஷ்டப்பட்டு மலை ஏறி வந்து, பஸ்ஸை ஆம்பளையாக்கிவிட்டு நின்றால் மறுபடியும் சிரித்திருப்பார்கள். ரஹீ தீ. ரஹீ தீ. இடது காலுக்கு ரஹீ, வலது காலுக்குத் தீ. நடைக்கு நல்ல தாளமாகத்தான் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் இந்தச் சொல் வேலையை முடித்துவிடும், அப்புறம் பஸ் ஸ்டாண்டு என்று ஒருத்தன் கூப்பிடட்டும் பார்க்கலாம். ரஹீ தீ. சொல்ல வேண்டியதை அன்றைக்கே அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் இந்த ஒத்திகையே வேண்டியிருந்திருக்காது.

இந்த இடம்தான். ஒவ்வொரு தடவையும் நினைப்பு தாளம் தட்டிக்கொண்டே நன்றாக வந்து, இந்த இடத்தில் வந்ததும் சட்டை ஆணியில் மாட்டின மாதிரி நிற்கிறது. அன்றைக்கே சொல்லியிருந்தால். சரி, சொல்லவில்லை, களைப்பு, விடு. தண்ணீர் குடிக்கலாமா? இப்போதுதானே குடித்தோம். முன்னால் தோய்பா போகிறான். மணிப்பூர்க்காரன், சின்ன உடம்பு, பின்னால் இருந்து பார்த்தால் பித்துக்குக் கால் முளைத்து அதுவே நடந்து போகிற மாதிரி இருக்கும். இரண்டு பேருக்கும் இந்தி தகராறு, அதனாலேயே சிநேகிதம். சுயம்புவாவது நாலு வருஷமாக வடக்கே இருக்கிறான், தோய்பாவின் இந்தியை ஒரு கைப்பிடிக்குள் அள்ளிவிடலாம். இன்று காலையில் ஓடைப் பக்கம் நின்றபோது தோய்பாவின் பித்து ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டது. சுயம்பு பின்னால் நின்று வாரை இழுத்து இறுக்கிக் கொடுத்தான். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டான் போல, தோய்பா 'பஸ், பஸ்' என்றான். போதும்டா, இறுக்கினது போதும் என்று அர்த்தம். நேகி உஸ்தாத்துக்குக் காதா இல்லை? எங்கே இருந்துதான் வந்தாரோ, பூனை மாதிரி வந்து நின்றார். சொல்லிட்டியே தோய்பா, நல்ல பையன், வா, ஏறு, என்று வண்டிப் பக்கம் கையை நீட்டினார். சுயம்பு வாரிலிருந்து கையை எடுத்தான், ஐயோ, இவனுக்கும் அதே கதியா, அதுவும் என் கையால். தோய்பா பதறவே இல்லை. உஸ்தாத்தை ஒரு தரம் பார்த்தான். கைப்பிடி இந்தியில் துழாவினான். வாரைத் தொட்டுக் காட்டி, 'ரஸ்ஸி பஸ்' என்றான். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, 'மே நஹீ பஸ்' என்றான். கயிறு போதும். நான் போதாது. இலக்கணம் தெரிந்தவன் கேட்டால் நெஞ்சடைத்துவிடும். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான், அவ்வளவுதான், உஸ்தாத் மீசைக்குள் ஏதோ செய்துகொண்டு தள்ளிப் போய்விட்டார். இவ்வளவு சுலபமாகவா அது? சுயம்பு அதிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டு நடக்கிறான், சத்தியமாக, ஓடையிலிருந்து இதுவரைக்கும், நடுநடுவே தேறிவிடுவோம் தேறிவிடுவோம் என்று போட்டுக்கொண்டாலும் அடியில் ஓடுவது இதுதான்.

இந்தி தெரியாது என்று சொல்லிக்கொண்டதெல்லாம் சரிதானா? பிரம்மசக்தி போன வருஷமே இந்த முடிச்சில் விரலை வைத்தாள். அவன் பெண்டாட்டி, கல்யாணமாகி அப்போது ஆறு மாசமோ என்னவோ. லீவில் போனவன் பஸ் கதையை அவளிடம் நடித்தே காட்டினான். அவள் முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரே சிரித்த இடத்தில் அவளும் சிரிப்பாள் என்று நிறுத்தினான். அவள் மீனைப் புரட்டிக்கொண்டே, 'அப்பறம் நீங்க என்ன சொன்னிய?' என்றாள். என்னத்தைச் சொல்ல, எனக்கு இந்தியில் சண்டை போடத் தெரியுமா, என்றான். அவள் 'ம்' என்றாள். அவ்வளவுதான், அந்த ம், சாளை முள்ளு மாதிரி, ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போக மாட்டேன் என்கிறது. ஏன் ம் என்றாள் என்பது அவனுக்குத் தெரியாதா? அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தானே அவளிடம் இன்னொரு கதையை அளந்து முடித்திருந்தான். ரயிலில் வரும்போது பெர்த்துக்காக டிக்கெட் பரிசோதகரோடு நாக்பூர் வரைக்கும் சண்டை, பெட்டியே கூடி நின்று வேடிக்கை பார்த்தது, கடைசியில் அந்த மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பெர்த்தைக் கொடுத்தார். நாக்பூர் வரைக்கும் போட்டது எந்த பாஷையிலடா சண்டை, உடன்குடித் தமிழிலா? ஒரு பெர்த்துக்கு அவ்வளவு இந்தி வந்தது, தொப்பிக்கு ஒரு சொல் வரவில்லை. பாவி மகள், இரண்டையும் ஒரே சாயங்காலம் கேட்டுவிட்டு, ஒரு எழுத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவளிடம் கோபமாகக்கூட இருக்க முடியவில்லை.

சரி, அன்றைக்கு நடந்ததை நடந்தபடி பார்த்தால் என்ன, இங்கே யார் இருக்கிறார்கள், தோய்பா முதுகும் மலையும்தானே. பஸ் போயிற்று. புழுதி. உஸ்தாத் சரி, வா என்றார். அந்த நேரத்தில் சுயம்புவுக்கு, இல்லை உஸ்தாத், பஸ் வந்தது என்று சொல்லத் தோன்றியதா? தோன்றியது. தோன்றி, நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குள்ளே வார் தோளைவிட்டு இறங்கிவிட்டது. யார் கழற்றினார்கள்? உஸ்தாத் தொடவில்லை. அவன் கைதான் போய்க் கழற்றியது, அதற்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை. பித்து கீழே விழுந்த சத்தம் கேட்டபோது வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. பஸ் என்ற சொல்லை எல்லோரும் கேட்டார்கள், இந்தச் சொல்லை ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது. 'அப்பாடா.' அடச்சீ. அப்பாடா என்றானே. கம்பளியைப் போர்த்தியபோது உடம்பெல்லாம் பால் சுரந்த மாதிரி ஒரு சுகம். யாரோ கையில் டம்ளரைத் திணித்தார்கள், மறுத்தால் நன்றாக இருக்காது என்று குடித்தான், அப்படியே தூங்கிப்போனான். அநியாயமாக இறக்கப்பட்டவன் அப்படித் தூங்குவானா? முழித்து எழுந்தபோது கதை தயாராக இருந்தது, கையும் காலும் வைத்து, சிரிப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுவரைக்கும். மூச்சு வாங்குகிறது. இந்த ஏற்றம் போன வருஷம் பார்க்காத ஏற்றம், இவ்வளவு தூரம் வந்தால்தானே பார்ப்பதற்கு. பித்து வாரில் தோல் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்குகிறது, கடவுளே, என்ன எரிச்சல்.

இப்போதுதான் கொஞ்சம் பயம் வந்தது அவனுக்கு, நிஜ பயம், காலையிலிருந்து வராதது. மலையைக் கண்டு பயமில்லை, தோளை நினைத்துப் பயமில்லை. அந்த ஆள் இன்னும் உள்ளேதானே இருப்பான்? அப்பாடா சொன்னவன். நல்ல மரியாதைக்காரன், சத்தம் போட மாட்டான், நான் விடுகிறேன் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டான், நல்ல காரணமாக ஒன்று வரட்டும் என்று ஓரமாகக் காத்திருப்பான். யோசித்துப் பார்த்தால் இன்று காலையிலிருந்தே அவன் வேலையில்தான் இருக்கிறான். ஓடையில் கால் வைத்தபோது, இந்தக் கல் வழுக்கினால் நன்றாகத்தான் இருக்கும் என்று எவனோ சொன்னான், அது யார்? ஆட்டு மந்தை குறுக்கே வந்தபோது, ஒரு ஆடு முட்டித் தள்ளினால் ஊரில் சொல்வதற்கு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று சொன்னது யார்? போன தடவை பஸ், இந்தத் தடவை ஆடு, அம்மா ரேஷன் கடையில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சுயம்புவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாகச் சிரித்துக்கொண்டே ஏறினான், தோய்பா திரும்பிப் பார்த்துவிட்டு இவனுக்குப் பித்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான். சிரித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று. ஏலேய், உன்னைப் பார்த்துட்டேன்டா, அங்கேயே உட்கார், நீயும் வா மேலே, உன்னையும் சேர்த்துத்தான் சுமக்கிறேன், மணலோடு மணலாக. வந்துவிட்டுப் போகட்டும். அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன, நடக்கலாம். தேறிவிடுவோம். காலையில் சொன்னபோது இருந்ததைவிட இப்போது சொல்லும்போது குரல் சின்னதாகத்தான் இருந்தது, ஆனாலும் காலில் நின்றது.

வளைவு திரும்பியதும் முகாமின் தகரக் கூரை தெரிந்தது. கிட்டத்தில் இல்லை, ஆனால் தெரிந்தது. தோய்பா அதைப் பார்த்ததும் வேகம் எடுத்துவிட்டான், அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். டீ வாசனை திடீரென்று பக்கத்தில் வந்தது, வண்டி நெருங்கிவிட்டது என்று அர்த்தம், வண்டி நெருங்கினால் உஸ்தாத் வருகிறார் என்று அர்த்தம். வந்தார். கொஞ்ச தூரம் கூடவே நடந்தார், காலையிலிருந்து அவரும் நடக்கிறார்தானே, மூச்சில் ஒரு பிசிறு இல்லை. கேட்பார், கேட்கட்டும் என்று சுயம்பு காத்துக்கொண்டிருந்தான். அவர் வேறு எதையோ ஆரம்பித்தார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாத இந்தியில்.

"ஸ்வயம்பு, போன வருஷம் அந்த வளைவில் பஸ் வந்ததை நானும் பார்த்தேன்."

சுயம்புவின் கால் நிற்கவில்லை. நின்றால் அவ்வளவுதான் என்று காலுக்கே தெரிந்திருந்தது.

"நீ அவனைக் காப்பாற்றத்தான் கத்தினாய். எனக்குத் தெரியாதா? எங்கள் மலையில் ஓடுகிற பஸ்தானே அது. வா என்று சொல்லிவிட்டு, நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நேரம் நின்றேன். நீ டீ கேட்டாய். கொடுத்தேன். குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாய்."

சர்க்கரை கேட்டானா? கேட்டான். உஸ்தாத் சொல்லி முடிப்பதற்குள் நாக்கிலேயே அது வந்துவிட்டது, அந்த இனிப்பு, கரண்டி டம்ளரில் தட்டிய சத்தம். யாரும் திணிக்கவில்லை. அவனேதான் கையை நீட்டினான். ஒரு வருஷம் முழுக்க எத்தனை பேரிடம் சொன்னான் இந்தக் கதையை, ஒரு தடவையாவது சர்க்கரை வந்ததா அதில்? முகமெல்லாம் சூடாயிற்று. ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போயிற்றோ, தேடவும் தோன்றவில்லை. தன் வாயில் எது வருமோ அதைச் சொன்னான், ஆண்பால் பெண்பால் பார்க்காமல்.

"ஆமாம் உஸ்தாத். அன்றைக்கு நானேதான் நடையை விட்டு நின்றுவிட்டேன். பஸ் மேல் தப்பில்லை."

நேகி உஸ்தாத் தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவன் பார்க்கவில்லை. ஏற்றம் இன்னும் இருந்தது. கொஞ்சம் கழித்து அந்தப் பழைய குரலில், மாமியார் வீட்டுக் குரலில், அவர் கேட்டார்.

"பஸ்?"

"நஹீ, உஸ்தாத்."

இடது கால், வலது கால். பின்னால் வண்டி முனகிக்கொண்டு வந்தது. டிரைவர் சன்னல் வழியே தலையை நீட்டி, இங்கே நிறுத்தட்டுமா என்று உஸ்தாத்திடம் கேட்டான். கம்பளியை உதறுகிற சத்தம்கூடக் கேட்டது. சுயம்பு திரும்பவில்லை. உஸ்தாத் ரோட்டோரம் ஒதுங்கி நின்று, வண்டிக்கு வழிவிட்டு, மேலே போ என்று கையைக் காட்டினார்.

"போ," என்றார். "இங்கே ஏறுகிற ஆள் யாரும் இல்லை."